சஞ்சயன் நின்ற கடை

ஆண்டுத் திவசம் முடியும்வரை வீட்டில் ஒரு கொண்டாட்டமும் இல்லை என்பதில் பத்மநாதன் ஒற்றைக்காலில் நின்றார். சித்திரை வருஷப்பிறப்பு போனது, தீபாவளி போனது. லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் அக்கம்பக்கத்து வீடெல்லாம் பலகார வாசம் வீச, அவர்கள் வீட்டு அடுப்பில் சோறும் ஒரு கறியும்தான். ஒரே மகன் சஞ்சயன், இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, பங்குனியில் நித்திரையிலேயே நெஞ்சு நின்று போய்விட்டான். அதற்குப் பிறகு என்ன விளக்கு, என்ன பலகாரம்!

ஆனால் மனைவி யசோதினி போகக் கேட்டது நத்தார்ச் சந்தைக்கு, கிறிஸ்மஸுக்குப் போடும் சந்தைக்கு.

"அது வெள்ளைக்காரற்ற விசேஷம். நான் ஒண்டும் வாங்க மாட்டன், தின்ன மாட்டன். பிள்ளை நிண்ட இடத்தை ஒருக்காப் பாத்திட்டு வருவம்."

மூன்று வருஷ மாரிக் குளிரிலும் சஞ்சயன் தேம்ஸ் கரையில், சந்தையின் சின்ன மரக்கடையொன்றில் சூடான சொக்லேற் விற்றான். தாயும் தகப்பனும் வந்து நின்றால் வெட்கமாம், வரக்கூடாது என்று சொல்லியிருந்தான். இப்போது தடுக்க அவன் இல்லை. அதை நினைத்தே பத்மநாதன் அவளோடு புறப்பட்டார்.

சந்தையில் கோயில் திருவிழாப் போலச் சனம். இடிபட்டு, வழி கேட்டு, கடையைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே நின்ற போலந்துப் பெண் யசோதினியைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பானாள்.

"நீங்கள் சஞ்சயின் அம்மாதானே? படம் காட்டியிருக்கிறான். நான் ஏவா. அவன் எங்கே, இந்த வருஷம் வேலைக்கு வரவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இவளுக்குத் தெரியாது. வங்கியில், கவுன்சிலில், சொந்தக்காரரிடம் என்று எத்தனையோ தரம் சொல்லிச் சொல்லி, மகன் செத்துப்போனான் என்ற அந்த வசனம் பத்மநாதனுக்கு மனப்பாடம். வாயைத் திறந்தார். அதற்குள் யசோதினி முந்திக்கொண்டாள்.

"மான்செஸ்ரரில் வேலை. நல்ல வேலை," என்றாள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதோ?" பத்மநாதன் தமிழில் பல்லைக் கடித்தார்.

"ஒராளாவது அவன் இருக்கிறான் எண்டு நினைக்கட்டுமே. உங்களுக்கென்ன நட்டம்?"

ஏவாவுக்கோ ஒரே சந்தோஷம். நேரத்துக்குச் சாப்பிடுகிறானா என்று பத்மநாதனைப் பார்த்துக் கேட்டாள்.

"நல்லாகச் சாப்பிடுகிறான்," என்று தன்னையறியாமலே அவரும் சொல்லிவிட்டார். அந்தப் பொய் இனித்தது. இன்னும் கேட்கமாட்டாளா என்றிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான், கள்ளன்! இருங்கள், இப்பவே கேட்கிறேன்," என்று ஏவா போனை எடுத்து அழுத்திக் காதில் வைத்தாள்.

மகனின் போன் நம்பரை எப்போதோ வெட்டியாயிற்று என்றுதான் பத்மநாதன் நினைத்திருந்தார். யசோதினி அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

அவளுடைய கைப்பைக்குள் மணி அடித்தது. சஞ்சயனின் போனை இவ்வளவு நாளும் சார்ஜ் இறங்கவிடாமல் வைத்திருந்திருக்கிறாள்.

ஏவா பையைப் பார்த்தாள். பிறகு யசோதினியின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வற்றிப்போயிற்று. காதில் வைத்த போனை எடுக்கவும் அவளுக்குக் கை வரவில்லை.

பத்மநாதன் அதை நிறுத்தப் பைக்குள் கைவிடப் போனார். யசோதினி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விலகினாள்.

"விடுங்கோப்பா, அடிக்கட்டும்," என்றாள். "இவ்வளவு நாளைக்குப் பிறகு ஒரு ஆள் பிள்ளையைத் தேடிப் போன் அடிக்குது."