‘நான்’ என்றே சொல்லுங்கள்

காத்திருப்பு அறையில் டாக்ஸிக்காரன் நோயாளி அம்மாளிடமிருந்து வேண்டுமென்றே ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். மொழிபெயர்ப்பாளர் நோயாளியோடு முன்கூட்டிப் பேசக் கூடாது என்பது விதி. பாதி நாள் டாக்ஸி ஓட்டுவான். ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தால் சட்டையை மாற்றி, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, இங்கு வந்து பேச்சைப் பெயர்த்துக் கொடுப்பான்.

"தம்பி, நம்ம ஆளுதானே?" என்றாள் அந்த அம்மாள்.

அவன் சுவரைப் பார்த்தான்.

"மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. சாப்டியா?"

"பேசக் கூடாதுக்கா."

"பேசக் கூடாதுன்னா உன்னை எதுக்கு வரச் சொன்னாங்க?"

உள்ளே கூப்பிடுவதற்குள் அவனுக்கு எத்தனை பிள்ளைகள், பெண்டாட்டி எங்கே வேலை பார்க்கிறாள், தலைமுடி எப்போதிலிருந்து கொட்டுகிறது என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். மூன்று மாதத்துக்கு முன் குளிர் அறையில் மாட்டிக்கொண்டாள். கதவுக்கு உட்பக்கக் கைப்பிடி போய் வெகுநாளாகியிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திறந்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கதவையும் மூடினால் அக்காவுக்கு ஆகாது. கக்கூஸ் கதவையும் திறந்துபோட்டே உட்கார்ந்தாள். கூட வேலை செய்பவர்கள் புகார் கொடுத்தார்கள். மனநல ஆலோசனைக்குப் போய், சரியாகிவிட்டது என்று இரண்டு மாதத்தில் தாள் கொண்டுவராவிட்டால் வேலை கிடையாது என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

ஆலோசகர் இளம்பெண். எழுந்து நின்று வரவேற்றார். எந்த நாற்காலி வேண்டும், கதவு திறந்திருக்கட்டுமா என்று கேட்டார்.

"திறந்தே இருக்கட்டும். ஆனா போறவன் வர்றவன் எல்லாம் எட்டிப் பாத்தான்னா எனக்கு மானம் போயிடும். ஒரு திரை இருந்தா மாட்டச் சொல்லு" என்றாள் அக்கா.

"திறந்திருக்கட்டுமாம்" என்றான் டாக்ஸிக்காரன் அந்த ஊர் மொழியில்.

"ரொம்ப நேரம் பேசினாங்களே?"

"மீதி பொதுவான விஷயம்."

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். "அவங்க சொல்றது முழுசா எனக்கு வேணும். 'அவங்க சொல்றாங்க'ன்னு ஆரம்பிக்காதீங்க. அவங்க 'நான்'னு சொன்னா நீங்களும் 'நான்'னே சொல்லுங்க."

அடுத்த அரை மணி நேரத்தில், கன்னம் வரை மீசை வைத்திருந்த டாக்ஸிக்காரன், தனக்கு இரண்டு பிரசவமும் ஆபரேஷன் என்றும், தன் மாமியாருக்குத் தன்னைக் கண்டாலே ஆகாது என்றும், தன் புருஷன் நல்லவர்தான், ஆனால் வாயைத் திறக்காத கல்லுப்பிள்ளையார் என்றும் சொல்லி முடித்தான். காது மடல் வரை சிவந்துவிட்டது.

பேச்சு குளிர் அறைக்கு வந்தது. "அதை நினைச்சாலே நெஞ்சை அடைக்குது. உயிர் போய் உயிர் வருது" என்றாள் அக்கா.

இந்த முறை ஒரு சொல்லையும் விடக் கூடாது என்று டாக்ஸிக்காரன் கவனமாகச் சொன்னான். "என் நெஞ்சு அடைத்துக்கொண்டிருக்கிறது. என் உயிர் போய்விட்டுத் திரும்பி வருகிறது."

ஆலோசகர் முகம் வெளுத்து மணியை அழுத்தினார். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு ஓடிவந்தாள். திறந்த கதவு வழியாக 'என் நெஞ்சு' என்று ஓர் ஆண்குரல் சொன்னதைத்தான் அவள் கேட்டிருந்தாள். டாக்ஸிக்காரன் வாயைத் திறப்பதற்குள் அவன் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டாள்.

"நூத்தி எழுபது" என்றாள் நர்ஸ். "எந்திரிக்காதீங்க."

"பாத்தியா? வந்ததும் கேட்டேனே, சாப்டியான்னு" என்றாள் அக்கா.

மறுவாரம் வாசலில் திரை தொங்கியது. ஆலோசகர் மடியில் ஒரு புது நோட்டு இருந்தது. "போன வாரம் தப்பு என்னுது. துக்கம், பயம் எல்லாம் உடம்புல எங்க இருக்குன்னு உங்க பேச்சுல சொல்வீங்க? எனக்குச் சொல்லிக் கொடுங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உற்சாகம் வந்தது. வயிறு எரியும் என்றாள். வயிற்றில் புளியைக் கரைக்கும், மனசு கிடந்து அடிச்சுக்கும், ஈரக்குலை நடுங்கும் என்றாள். ஈரக்குலைக்கு அந்த ஊர் மொழியில் என்ன சொல்வதென்று தெரியாமல் டாக்ஸிக்காரன் தாளில் படம் வரைந்தான். அது வெண்டைக்காய் போல வந்தது. ஆலோசகர் அதையும் நோட்டில் ஒட்டிக்கொண்டார்.

"இதுல உங்களுது எது?" என்று கேட்டார்.

அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "கை கால் ஓடலைன்னு சொல்வோம். அதுதான். இந்த ஊருக்கு வந்து பன்னண்டு வருஷமாச்சு. யாரும் கேட்டதில்லை."

ஐந்தாவது வாரம் அக்கா முழுவதையும் சொன்னாள். டாக்ஸிக்காரன் பின்னாலேயே பெயர்த்துக்கொண்டு வந்தான்.

"கதவைத் தட்டினேன். கை மரத்துப்போற வரைக்கும் தட்டினேன். கோழிப் பெட்டியை இழுத்துப் போட்டு அது மேல ஏறி நின்னேன், தரை சில்லுன்னு இருந்ததால. வெளியில ஆள் நடக்கிற சத்தம் கேட்டுது."

"கதவைத் தட்டினேன்" என்று ஆரம்பித்து அவனும் ஒவ்வொன்றாகச் சொன்னான். "வெளியே ஆட்கள் நடக்கும் சத்தம் கேட்டது. அவர்கள் சிரித்தார்கள். மூச்சு முட்டுகிறது என்று கத்தினேன். லாரியைத் தட்டி, வாயை மூடு என்றார்கள்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஊர் மொழியில் அக்காவுக்குத் தெரிந்த சொற்கள் இருபதோ முப்பதோதான். அதில் லாரியும் ஒன்று.

"தம்பி, நான் லாரின்னு சொல்லலையே."

அவன் கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ எப்படிப்பா இந்த ஊருக்கு வந்தே?"

"லாரியில, சரக்குப் பெட்டிக்குள்ள. பத்தொம்பது வருஷம் ஆச்சு. பதினோரு மணி நேரம். இருபத்திரெண்டு பேர் ஏறினோம்" என்றான். எத்தனை பேர் இறங்கினார்கள் என்று அவன் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. தன் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

ஆலோசகர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன பேசினீங்கன்னு எனக்கும் சொல்ல முடியுமா?"

அவனால் அதை மட்டும் பெயர்க்க முடியவில்லை. "அக்கா தண்ணி குடிக்கச் சொல்றாங்க" என்றான்.

எட்டாவது வாரம் அக்காவுக்குத் தாள் கிடைத்தது. திரையை விலக்கிவிட்டுக் கதவைத் தானே மூடி, பத்து எண்ணி, தானே திறந்து காட்டினாள். தொழிற்சாலை அவளை லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றியது. அவள் மாட்டிக்கொண்ட குளிர் அறைக்குப் புதுக் கைப்பிடி போட்டார்கள். மற்ற மூன்று அறைகளுக்கும் போடவில்லை.

ஆலோசகர் டாக்ஸிக்காரனை நிறுத்தி, மனநல ஆலோசனை கேட்கும் விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்தார். "அந்த லாரி அவங்களுது இல்ல, உங்களுதுன்னு புரிஞ்சுது. கூட வேலை செய்யறவங்களை நானே பாக்கக் கூடாது. கீழ கொடுங்க, வேற ஆலோசகர் பாப்பாங்க. மொழின்னு கேட்ட இடத்துல, எந்த மொழியில அழ வருமோ அதை எழுதுங்க."

அவன் ஓட்டுநர் உரிமம் வாங்கியது, தேர்வெழுதி இந்த அட்டையை வாங்கியது எல்லாம் அந்த ஊர் மொழியில்தான். ஆனாலும் தாய்மொழியை எழுதினான். அக்கா கூடவே இறங்கி வந்தாள்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் விண்ணப்பத்தைப் படித்து, கணினியில் தட்டினார். "இந்த மொழிக்கு எங்ககிட்ட ஒரே ஒரு மொழிபெயர்ப்பாளர்தான் இருக்கார். ரொம்ப நல்ல ஆளாம், ஒரு புகார்கூட இல்லை" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். டாக்ஸிக்காரனின் படம் அதில் முறைத்துக்கொண்டிருந்தது.

"அது நான்தான்."

அவர் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "உங்களுக்கு நீங்களே பண்ண முடியாதே."

"என்னவாம்?" என்றாள் அக்கா. அவன் சொன்னான். "அப்ப இன்னொரு ஆளை எடுக்கச் சொல்லு" என்றாள். அதையும் சொன்னான்.

"பட்ஜெட் வந்தா எடுப்போம். அதுவரைக்கும் வரிசைதான்." அவர் விண்ணப்பத்தில் முத்திரை குத்தி, எண் அச்சடித்த சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். காத்திருக்கும் காலம் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

டாக்ஸிக்காரனின் கைபேசி அதிர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி. மூன்றாம் மாடி, மனநலப் பிரிவு, புது நோயாளி, பத்து நிமிடத்தில். வர முடியுமா?

'முடியும்' என்பதை அழுத்தினான். சீட்டைச் சட்டைப் பையில் போட்டு, அட்டையை நேராக்கிக்கொண்டு படியேறினான்.