வாயு என்று சொல்லப்பட்ட சிரிப்பு

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. பக்கத்து வீட்டு பிலிப்பினோப் பெண் மாரிவிக் ஒரு தட்டு நிறைய பான்சிட் நூடுல்ஸைக் கொடுத்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி சொன்னது. உண்ட வீட்டுக்கு இரண்டகமாக அதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கனடாவின் வின்னிபெக் நகரைப் பனியும் கொள்ளைநோயும் ஒருசேரப் போர்த்தியிருந்த அந்த...’ வேண்டாம். பனி பாட்டுக்குப் பெய்யட்டும்.

2.

மாரிவிக், பச்சைக்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். குறைமாதத்தில் பிறந்த ஐரிஸ் மாதக்கணக்காக அவள் கையில்தான் வளர்ந்தாள். தினமும் வந்துபோன தாய் ட்ரீனாவுக்குக் கோவிட் தொற்றிக்கொள்ள, அவள் வீட்டில் அடைந்துகிடந்தாள். இனி வெள்ளிக்கிழமைதான் உள்ளே விடுவார்கள்.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. முதல் குளியல், முதல் சட்டை எல்லாவற்றையும் பெற்றவளுக்கென்று எடுத்துவைப்பார்கள். [குளியலைத் தள்ளிப்போடலாம். சிரிப்பை எப்படித் தள்ளிப்போடுவது?]

செவ்வாய்க்கிழமை, டயப்பர் மாற்றும்போது, ஐரிஸ் மாரிவிக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களே அவளுக்குப் போதுமாக இருந்தன.

3.

‘தாயுள்ளம் படைத்த மாரிவிக், ட்ரீனாவை நினைத்துக் கண்கலங்கி...’ என்று எழுதி அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

“என்னைச் சாமியாக்காதீங்க அண்ணே. அப்போ ட்ரீனா நெனப்பே வரல. இன்னொரு வாட்டி சிரிப்பாளான்னு கன்னத்தத் தடவிக்கிட்டே நின்னேன்.”

பத்தியை அடித்துவிட்டேன். எனக்கு இந்த மாரிவிக்கைத்தான் பிடித்திருக்கிறது.

4.

அன்று மாலை வீடியோ அழைப்பில் ட்ரீனா வழக்கம்போலக் கேட்டாள். “சிரிச்சாளா?”

(இந்த இடத்தில் மாரிவிக்கை உண்மை பேசவைத்துப் பார்த்தேன். ட்ரீனா அழுதாள். எனக்கு மேற்கொண்டு எழுத மனம் வரவில்லை.)

“வாய் லேசா கோணுச்சு. சிரிப்பில்ல, வயித்து வாயுதான்,” என்றாள் மாரிவிக்.

ட்ரீனா திரையை உற்றுப் பார்த்தாள். மாதக்கணக்காக அவளும் மாரிவிக்கின் கண்களை மட்டுமே பார்த்துப் பழகியவள்.

“அடிப் பொய்க்காரி,” என்றாள். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். “வெள்ளிக்கிழமை நான் வரும்போதும் அவளுக்கு அந்த வாயு இருக்கணும். சொல்லிவை.”

சொல்லிவைத்தாளாம். குழந்தையின் காதோடு, தினமும்.

5.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். குழந்தை சிரிப்பதாக ஒரு முடிவும், வீறிட்டு அழுவதாக ஒரு முடிவும் எழுதி, இரண்டையும் கிழித்துப்போட்டேன். ட்ரீனா கதவருகே கை கழுவிக்கொண்டிருக்கிறாள். முதலில் பார்ப்பவள் அவளாக இருக்கட்டும். நீங்களும் நானும் கொஞ்சம் திரும்பி நின்றுகொள்வோம்.