வாலுக்குள் போகிறவள்

...யார் கட்டினது என்று கேட்கிறான் பார், கேட்கவும் ஒரு வாய் வேண்டும், பதினோரு வருஷம் இந்தக் கொட்டகையில் வெந்தது யார், புருஷன் ஆர்லன் வெளியே நின்று ரிவெட் ஆணி அடிக்க, உள்ளே இரும்புக்கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிடந்தது யார், பதினாலாயிரம் ரிவெட், அத்தனை அடியும் இந்தத் தோளில்தானே இறங்கியது... வெர்னெட்டா விமானத்தின் வாலுக்குள் வயிற்றால் ஊர்ந்து இன்னும் ஒரு முழம் நகர்ந்தாள், அறுபத்திரண்டு வயது முட்டி முனகியது. வெளியே மெக்கானிக் டுவேன், கையில் சோதனைப் பட்டியல், பக்கத்தில் அவள் சுட்டுக் கொண்டுவந்த இலவங்கப்பட்டை பன், அதிலும் பாதியைக் காணோம். "இது ஆர்லன் கட்டினதுதானேங்க?" வந்ததும் வராததுமாக அதுதான் கேள்வி. அப்போ அவள் யார், காப்பி ஊற்ற வந்தவளா? நெப்ராஸ்கா முழுக்கத் தேடினாலும் இந்த வாலுக்குள் நுழைகிற ஆள் அவள் ஒருத்திதான்.

சட்டமாம், பெரிய சட்டம்! வீட்டில் கட்டிய விமானத்தை வருஷம் ஒருமுறை கட்டியவரே சோதித்துக் கையெழுத்துப் போடலாம், ஆனால் அந்தச் சான்று ஒருத்தர் பேருக்குத்தான், இரண்டு பேர் உயிரைக் கொடுத்துக் கட்டினாலும் ஒருத்தர்தான். "எம் பேரையே போட்டுடறேன்டி, பேப்பர் வேலையெல்லாம் நான்தானே பாக்கறேன்..." எவ்வளவு லேசாகச் சொன்னான் ஆர்லன். பிப்ரவரியில் அவன் போய்ச் சேர்ந்தான், சான்றும் அவனோடு போயிற்று, இப்போது ஒரு ரிவெட்டைக்கூடத் தொடாதவன் கையெழுத்துப் போட்டால்தான் இவள் பறக்கலாம். இதில், "நீங்க பாத்து சொல்லுங்க, அப்புறம் நான் ஒருவாட்டி கேமரா விட்டுப் பாத்துக்கறேன்" என்கிறான். இவளுடைய கண் என்ன பொய்க்கண்ணா? பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

"வால் தண்டு, நட்டு?" டுவேன் படித்தான். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் தண்டு. விரலை வைத்தாள், நட்டு சுழன்றது, ஸ்பானரே இல்லாமல், வெறும் விரலுக்கே... விளக்கைத் திருப்பினாள். சிவப்புக் கோடு இல்லை. நட்டை முறுக்கியதும் அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு, அது இவர்கள் வீட்டுப் பழக்கம், கோடு போட்டால்தான் முறுக்கியதாக அர்த்தம். யார் விட்டது, யாராவது கை வைத்தார்களா, இல்லையே, இங்கே வேறு யார் நுழைய முடியும்... போன அக்டோபர், வருஷச் சோதனை. தண்டின் நீளத்தைச் சரிசெய்ய இவள்தானே தளர்த்தினாள். அன்றைக்கும் அதே சண்டை, எம் பேர் ஏன் இல்லை, எம் பேர் ஏன் இல்லை என்று. ஆர்லன் இருமிக்கொண்டே சிரித்தான், "பேருல என்னடி இருக்கு? நட்டு என்னாச்சு, சொல்லு." கோபம் தலைக்கேற, "சரி, சரி, எல்லாம் சரி!" என்று கத்திவிட்டு வெளியே வந்தாள். அவன் அப்படியே எழுதிக்கொண்டான், அவள் சொன்னால் அவன் திரும்பப் பார்த்ததே கிடையாது. அதற்குப் பிறகு முப்பத்தெட்டு மணி நேரம் பறந்திருக்கிறார்கள், அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் இதில்தான். கடவுளே.

"டுவேன்... நட்டு கழண்டிருக்கு."

கம்பி முனையில் கேமரா உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு பதிவேட்டைப் புரட்டும் சத்தம். "போன வருஷம் ஆர்லன் கையெழுத்துதாங்க. பாவம், உடம்பு முடியாத நேரம், விட்டுட்டாரு. மனசுல வெச்சுக்காதீங்க."

எவ்வளவு தைரியம் இவனுக்கு, ஆர்லனா விட்டான், வாழ்நாளில் ஒரு திருகாணியை விட்டவனா அவன்... நான்தான் விட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்தத் தாளில் தன் பேர் இல்லாதது இன்றுதான் முதல்முறையாக வசதியாக இருந்தது. சீ.

"ஸ்பானர் தரட்டுமாங்க? சிவப்பு பெயின்ட்டு?"

இரண்டையும் வாங்கக் கையைப் பின்னால் நீட்டினாள். வாய் இன்னும் திறந்தபடியே இருந்தது.