எட்டாவது ஷரத்து

ஏரி மதகை யார் திறப்பது என்று தொடங்கிய சண்டையில், காளியப்பன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து சின்னப்பராஜின் தலையில் இரண்டு முறை அடித்தான். கரைமேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ராஜமேரி அதைப் பார்த்தாள். சின்னப்பராஜ் அவளுடைய தம்பி. பாப்பாரப்பட்டி ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோகும்போதே உயிர் போய்விட்டது. அது எண்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாசம்.

ஏரிக்கு வடக்கிலும் தெற்கிலும் இருந்த சிற்றூர்களைக் கொட்டாய் என்பார்கள்; ராஜமேரி அந்த இரண்டு கொட்டாய்களுக்கும் அரசாங்க நர்ஸ். வடக்குக் கொட்டாயில் அவளுடைய வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பங்கள். தெற்குக் கொட்டாயில் காளியப்பனின் ஆட்கள். அவர்களுக்கு நிலமும் அதிகம், தலைக்கட்டும் அதிகம்.

மூன்று மாதத்தில் காளியப்பன் ஜாமீனில் வந்தான். அடுத்த வாரமே வடக்கே இரண்டு வைக்கோல் போர் எரிந்தது. 'நர்சம்மா கோர்ட்டுப் படி ஏறினா அடுத்தது வூடுங்கதான்' என்று சொல்லியனுப்பினார்கள். சண்டையைப் பார்த்த மற்றவர்கள் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். அவளுடைய அம்மா மதலேனம்மாளே, "வேணாம்மா, இருக்கறவங்களாவது இருக்கட்டும்" என்றாள்.

ராஜமேரி வேலைக்காகத் தெற்குக் கொட்டாய்க்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். காளியப்பனின் மனைவி முனியம்மாள் பிள்ளையுண்டாகியிருந்தாள். அவளுக்கு ஊசி போடப் போனால், உள்ளே அவன் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து நிதானமாக விழுங்கிக்கொண்டிருப்பான். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே ராஜமேரி அதைப் பார்ப்பாள். எத்தனை உருண்டை தின்றான் என்பதுகூட அவளுக்கு மறக்காது.

சண்டை அடங்கவில்லை. அதிகாரிகள் மதகைப் பூட்டிவிட்டார்கள். இரண்டு பக்கமும் தொடர்ந்து இரண்டு போகம் நெல் இல்லை. கடைசியில் தாசில்தார் ஒரு சமாதானக் கமிட்டி போட்டார். இரு தரப்பும் ஒரே இடத்தில் உட்கார மாட்டோம் என்றன. இரண்டு கொட்டாய்க்குள்ளும் நுழையக்கூடிய ஒரே ஆள் நர்ஸ்தான்.

"உங்ககிட்ட கேக்கவே சங்கடமா இருக்குதும்மா," என்றார் தாசில்தார்.

"நானே பேசறேங்க சார்."

ஏழு மாதம் நடந்தாள். வடக்கே இருப்பவர்கள் 'கொலைகாரப் பசங்க' என்று சொன்னதைத் தெற்கே போய், 'அவுங்க பயந்து கெடக்கறாங்க' என்று சொன்னாள். தெற்கே திட்டியதை வடக்கே சொல்லவேயில்லை. ஒப்பந்தம் ஒவ்வொரு ஷரத்தாக உருவானது: வாரத்தில் தெற்குக்கு நாலு நாள் தண்ணீர், வடக்குக்கு மூணு நாள். மதகுக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி. ஏழாவது ஷரத்தை அவளே சொன்னாள்: எந்தக் கொட்டாய் ஆள் மறுபக்கத்து ஆள்மேலோ வீட்டின்மேலோ கை வைத்தாலும், அந்தக் கொட்டாய்க்கு அந்தப் போகம் முழுக்கத் தண்ணீர் கிடையாது.

காளியப்பனின் பெரியப்பா நஞ்சப்பன்தான் தெற்கே பெரியதனக்காரர். வடக்குப் பையன்களை அடக்க இது நல்ல வழி என்று அவர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

கையெழுத்துப் போடுகிற அன்று நஞ்சப்பன் எட்டாவதாக ஒன்று கேட்டார். "பழைய கேஸ்ல ஒருத்தர் மேல ஒருத்தர் சாட்சி சொல்லக்கூடாது. அதையும் எழுதுங்க."

"அரசாங்கக் காகிதத்துல அதையெல்லாம் எழுத முடியாதுங்க," என்றார் தாசில்தார். "வாய்வார்த்தையா வெச்சுக்குங்க."

வடக்கிலிருந்து வந்தவர்கள் தலையாட்டினார்கள். தெற்கிலிருந்து வந்தவர்களும் ஆட்டினார்கள். ராஜமேரி ஆட்டவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. காளியப்பன் அவளிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டான். "பெரிய மனசுங்க நர்சம்மா உங்களுக்கு."

"பயிரு நல்லா வரட்டும்," என்றாள்.

எண்பத்தாறு தையில் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தது. வெள்ளைப் புடவையில் கூண்டில் ஏறிய ராஜமேரி, மண்வெட்டியை எப்படிப் பிடித்தான், எந்தப் பக்கம் அடித்தான், தம்பி என்ன சொல்லிக்கொண்டு விழுந்தான் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு மணி நேரம் குடைந்தார். ஒரு வார்த்தை மாறவில்லை. காளியப்பனின் முகம் வெளுப்பதை அவள் அவசரமில்லாமல் பார்த்தாள்.

வெளியே நஞ்சப்பன் வழிமறித்தார். "சமாதானம் பேசிட்டு இப்படிப் பண்ணலாமா?"

"சமாதானம் ஊருக்குங்க. செத்தது என் தம்பி."

"எங்க பசங்க சும்மா இருப்பாங்கன்னு நெனக்கிறியா?"

"ஏழாவது ஷரத்துல நீங்கதானே மொதல்ல கையெழுத்துப் போட்டீங்க?"

ஏழு மாதம் அவள் எதற்காக நடந்தாள் என்று அப்போதுதான் நஞ்சப்பனுக்கு விளங்கியது.

ஆயுள் தண்டனை விழுந்தது. அன்று தெற்குக் கொட்டாயில் இளவட்டங்கள் தடியோடு திரண்டார்கள். நஞ்சப்பனே குறுக்கே நின்று திருப்பியனுப்பினார். அன்று அவர்களுக்குத் தண்ணீர் முறை.

மூன்றாம் நாள் முனியம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ராஜமேரியின் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பிரசவத்தைப் பார்த்தவளும் ராஜமேரிதான்.

"அவருக்காக ஒருத்தரும் வரலீங்க அக்கா," என்றாள். "அவுங்கவுங்க கழனிக்குப் போய்ட்டாங்க."

தீர்ப்பைவிட இதைக் கேட்கத்தான் ராஜமேரி காத்திருந்தாள். தம்பியின் பிணத்தை வண்டியிலிருந்து இறக்கிய அன்று வடக்கிலும் இப்படித்தான் ஆளுக்கொரு பக்கமாகத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

"இப்ப மனசு ஆறிடுச்சாக்கா உங்களுக்கு?"

'இல்லை' என்று பொய் சொல்லியிருக்கலாம். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆறிடுச்சு," என்றாள் ராஜமேரி.

முனியம்மாள் குழந்தையின் முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.