எல்லாவற்றுக்கும் இல்லை என்றவள்

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையாகப் பிறந்திருக்க வேண்டியது. எங்கள் தெருப் பள்ளியின் தலைமையாசிரியை ஒருநாள் வழிமறித்து, செவிலியர் பயிற்சியில் சேர என்னென்ன வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். கதை எழுதுகிறவனுக்கு வேறு என்ன வேலை என்று நினைத்திருப்பார். நானும் உட்கார்ந்து எழுதினேன். பதினேழு வயது நிரம்பியிருக்க வேண்டும். பள்ளி இறுதித் தேர்வில் உயிரியலும் வேதியியலும் தேறியிருக்க வேண்டும். தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். மருத்துவர் ஒருவர் பரிசோதித்து உடல்தகுதிச் சான்று தர வேண்டும். அதன்பின் நேர்காணல்.

உடல்தகுதி என்று எழுதியபோது, ஒரு மருத்துவர் அறையும் அதில் ஒரு முக்காலியும், அந்த முக்காலியில் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாத ஓர் உயரமான பெண்ணும் கண்முன் வந்தார்கள். துண்டறிக்கையை எப்படியோ முடித்துக் கொடுத்துவிட்டேன். முக்காலியில் இருந்தவள் எழுந்து போவதாகத் தெரியவில்லை.

2

முதல் வரி, முதல் முயற்சி: தாய் படுத்த படுக்கையான அன்றுதான் அவள் தன் மனதுக்குள்

வேண்டாம். செவிலியர் ஆக ஆசைப்படும் பெண் என்றதும் வீட்டில் ஒருவரைப் படுக்கையில் தள்ளிவிடக் கை பரபரக்கிறது. பாலம் கட்டப் படிக்கப் போகிறவனிடம், உன் வீட்டில் யார் மேலாவது பாலம் இடிந்து விழுந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டாம் முயற்சி: நெட்டைக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

இது போதும். நெட்டை என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். அவளுடைய அம்மா தையல்கடை வைத்திருக்கிறார். கல்லு மாதிரி இருக்கிறார். அப்பா பேருந்து ஓட்டுநர். குடல்வால் அறுவைக்காகப் படுத்திருந்த தோழியைப் பார்க்கப் போனபோது, ஆளைக் கீழே இறக்காமலே ஒரு செவிலியர் படுக்கை விரிப்பை மாற்றியதை நெட்டை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும், இரவுப் பணி முடித்து மதியம் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை வைத்து அதைச் செய்து பார்த்தாள். அப்பா கட்டிலுக்கு அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தார். இன்னும் கொஞ்சம் பழகணும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாகக் கேள்வி.

3

மதிப்பெண் இருந்தது, வயது இருந்தது, தடுப்பூசிகளும் போட்டாயிற்று. மிச்சம் மருத்துவரின் கையெழுத்து ஒன்றுதான். அதற்குத் துணையாக அத்தை கிளம்பினார்.

அத்தை காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். உடல்நிலை பற்றிய கேள்விகளை வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு ஞானத்துக்கு வந்திருந்தார். போகும் வழியெல்லாம் அதைத்தான் ஓதிக்கொண்டு வந்தார்.

"டாக்டர் எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லிடு. ஒரு தடவை ஆமான்னு சொன்னா, அதைப் புடிச்சுக்கிட்டு ஒன்பது கேள்வி வரும்."

"அப்போ, லேப்ல விழுந்தது?"

"அதைப் பத்தி மூச்சு விடாதே."

[லேபில் நடந்தது இது: சோதனைக்குழாய் உடைந்து பக்கத்துப் பெண்ணின் உள்ளங்கை கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்த நெட்டை அடியற்ற மரமாய்ச் சாய்ந்தாள். கண் விழித்தபோது, கையில் கட்டுப் போட்டிருந்த அந்தப் பெண்தான் இவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.]

[அத்தையைக் கெட்டவராக எழுதப் பார்த்தேன், மசியவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, நெட்டையின் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நகம் கடித்தபடி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவரை என்ன சொல்லித் திட்டுவது?]

4

மருத்துவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டுக்கொண்டே போனார். ஆஸ்துமா உண்டா? இல்லை. வலிப்பு? இல்லை. அறுவை சிகிச்சை ஏதாவது? இல்லை. எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறாயா?

"இல்லை."

இது மட்டும் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் வாய் அப்படியே ஓடத் தொடங்கிவிட்டது. தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்றார், இல்லை. நன்றாகத் தூங்குகிறாயா? இல்லை. பசிக்கிறதா? இல்லை. இரண்டு கண்ணும் தெளிவாகத் தெரிகிறதா?

"இல்லை."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்புறம் இந்த ரூமுக்கு எப்படிம்மா வந்தே?"

நெட்டைக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இப்படியே எழுதினால் கையெழுத்துப் போட முடியாது என்றும், வெளியே உட்கார்ந்து நிதானமாக யோசித்துவிட்டு அடுத்த ஆள் போனதும் வந்து சரியாகச் சொல்லும்படியும் கூறி மருத்துவர் அனுப்பி வைத்தார்.

5

நடந்ததைக் கேட்டு அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு தொழில்காரராகிவிட்டார். தூக்கம், பசி, கண், தடுப்பூசி நான்கையும் ஆமாம் என்று மாற்றினால் போதும், மயக்கம் அதுபாட்டுக்குக் கிடக்கட்டும், அதை இனி யாரும் கேட்கப் போவதில்லை என்றார். அவர் சொன்னது சரிதான். தப்பைத் திருத்தவே உள்ளே போகிறாள். அதில் ஒரு பொய்யைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு வந்தால் கையெழுத்து கைக்கு வரும். சொன்னால் வராமலும் போகலாம்.

இந்த இடத்தில் எனக்குச் சில வழிகள் தெரிந்தன.

(அ) வராந்தாவில் ஒரு பெரியவர் தலையில் அடிபட்டு விழுகிறார், ரத்தம், எல்லோரும் பதற, நெட்டை மட்டும் பாய்ந்து

கோடு போட்டு அடித்துவிட்டேன். ஒரு பெண்ணுக்குச் சான்றிதழ் வாங்கித் தர, பாவம், ஒரு பெரியவரின் மண்டையை உடைக்க மனம் வரவில்லை.

(ஆ) சொல்லாமல் விடுகிறாள். கையெழுத்தாகிறது, படிக்கிறாள், மயக்கமும் பழகிப் பழகிப் போய்விடுகிறது, நல்ல பெயர் எடுக்கிறாள். இது நடக்கக்கூடியதுதான், இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். அதில் ஒருநாள், ஒரு படுக்கைக்குரிய மருந்தை அடுத்த படுக்கைக்குக் கொடுத்துவிடுகிறாள். யாரும் பார்க்கவில்லை. தலைமைச் செவிலியர் வந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா, ஏதாவது மாறிப்போயிற்றா என்று கேட்கிறார். அவள் வாயில் பழகிய வார்த்தை தயாராக இருக்கிறது. அதற்குமேல் எழுத எனக்குப் பயமாக இருந்தது. அந்த அடுத்த படுக்கையில் நான் படுத்திருந்தால்?

இந்தப் பயத்தை நானே அனுபவிப்பானேன் என்று அவளிடம் கொடுத்துவிட்டேன்.

"அத்தை, நாளைக்கு நான் ஒருத்தருக்கு மருந்தை மாத்திக் குடுத்துட்டா, அப்பவும் இல்லைன்னுதான் சொல்லணுமா?"

"முதல்ல உள்ள சேருடி. சேர்ந்த அப்புறம் நியாயம் பேசலாம்."

"அப்புறம் பேச வாய் வராது, அத்தை."

அத்தை மடியில் இருந்த பையின் பட்டையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். உள்ளே இருந்த ஆள் வெளியே வந்தார். போய்ச் சொல்லு, வருவது வரட்டும் என்று அத்தை சொன்னதாக எழுத எனக்கு ஆசை. அவர் சொல்லவில்லை. எழுந்து கதவை மட்டும் திறந்து பிடித்துக்கொண்டார்.

6

நெட்டை மறுபடி முக்காலியில் உட்கார்ந்தாள். தூக்கம் வரும், பசி நன்றாக எடுக்கும், கண் தெரியும், தடுப்பூசி போட்டாயிற்று என்று ஒப்பித்தாள். மருத்துவர் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தார். பேனா கையெழுத்துப் போடும் இடத்துக்கு இறங்கியது.

"வேற ஒண்ணும் இல்லையே?"

தலையை ஆட்டினாலே போதும்.

"இருக்கு டாக்டர். ஒரு தடவை மயங்கி விழுந்தேன். ரத்தத்தைப் பார்த்து. முன்னாடி பொய் சொல்லிட்டேன்."

மருத்துவர் முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். என்ன சொன்னார் என்பதை நான் எழுதப் போவதில்லை. ஒரு முறை விழுந்தவர்கள் பிறகு விழாமல் நின்று வேலை பார்ப்பது உண்டு என்பது அவருக்குத் தெரியும். அப்படி நிற்க வராதவர்களும் உண்டு என்பதும் தெரியும். துண்டறிக்கையைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. அதில் நான் எழுதிய தகுதிகளில் இவள் இப்போது செய்த காரியம் எங்கேயும் இல்லை.

ஆகவே உங்களிடமே விடுகிறேன். சில வருடங்கள் கழித்து நீங்கள் ஒரு கட்டிலில் படுத்திருக்கிறீர்கள். ஓர் உயரமான பெண் ஊசியோடு வந்து நிற்கிறாள். அவளை அங்கே வரவிடுவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.