பேச முடிகிற வேகம்

என் வீட்டுக்காரர் எங்கள் வாசலுக்கு முன்னால் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டு அம்மா என்னிடம் மெல்லிய குரலில் கேட்டார்: "ஏங்க, உங்க வீட்டுக்காரரு எதையாவது தொலைச்சிட்டாரா?" அன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். "ஆமாங்க, முந்நூறு மீட்டர் தொலைஞ்சிருச்சு. இப்ப கிடைச்சிரும்," என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவரோடு சேர்ந்து தரையைப் பார்த்துத் தேடினார். பிறகு எதற்கு வம்பு என்று உள்ளே போய்விட்டார்.

வாரத்துக்கு இருநூறு கிலோமீட்டர் ஓடுகிறவர் என் வீட்டுக்காரர். மாதத்துக்கு இல்லை, வாரத்துக்கு. யாரிடம் சொன்னாலும் இதைத் திருத்தித்தான் மேலே பேச வேண்டியிருக்கிறது. காலையில் ஒரு ஓட்டம், வேலை முடிந்து வந்து இன்னொரு ஓட்டம். திங்கட்கிழமை தொடங்கி ஞாயிறு சாயங்காலத்தோடு கணக்கு முடியும். வேலையோ லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் மேலும் கீழும் போகிற மனுஷர் மிச்ச நேரத்தில் ஊரைச் சுற்றுகிறார், நம் வீட்டில் ஒரு இடத்தில் நிற்பது பீரோ மட்டும்தான் என்று என் மகள் சொல்வாள். பால்கனிக் கம்பியில் எந்நேரமும் காலுறை தொங்கும். கட்டிலுக்கு அடியில் தேய்ந்த ஷூக்கள் கிடக்கும், தூக்கிப் போட விடமாட்டார். கால் நகம் ஒன்று கழன்று விழுந்தால் நான்தான் அலறுவேன். அவர் அதைச் சட்டைப் பொத்தான் விழுந்த மாதிரி பார்த்துவிட்டுப் போவார். கணக்கில் கொஞ்சம் குறைந்தாலும் வாசலிலேயே முன்னும் பின்னும் ஓடித் தீர்ப்பார். ஆனால் இவ்வளவு ஓடுகிற ஆள், கணக்குக்கு மேல் ஒரு அடிகூட ஓட மாட்டார். ஞாயிறன்று மிச்சம் எவ்வளவோ அதைக் கடிகாரத்தில் வைத்துவிட்டுக் கிளம்புவார். அது கூவியதும் சட்டென்று நின்றுவிடுவார். கேட்டுக்குப் பத்தடி இருந்தாலும் அந்தப் பத்தடியை நடந்துதான் வருவார். ஆசைப்பட்டுக் கூட்டினால் எலும்பு பதில் சொல்லும் என்பது அவர் கட்சி.

அவரிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான். பேச மாட்டார். கோபக்காரர் என்றோ அழுத்தக்காரர் என்றோ நினைத்துவிட வேண்டாம், தங்கமான மனுஷர். ஆனால் எதற்கும் "ம்" தான். பசிக்கிறதா என்றால் ஒரு "ம்", சட்டை நன்றாக இருக்கிறதா என்றால் கொஞ்சம் நீளமாக ஒரு "ம்". மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு வீட்டில் என் தையல் மெஷின் சத்தம்தான் பேச்சுத் துணை. முன்னறையில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறேன். ஜன்னல் அளவோடு வருகிறவர்கள் வீட்டுக் கதையையும் கூடவே கொண்டுவருவார்கள். அதனால் பகல் ஓடிவிடும். இருட்டினால்தான் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு "ம்".

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டருக்குக் கால் உடைந்தது. டாக்டர் இவரோடு பல வருஷமாக ஓடுகிறவர், வயதில் சின்னவர், இவரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார். போட்டி வருகிறதே என்று ஒரு வாரம் கணக்கை மீறி ஓடியதில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். முழங்கால் வரைக்கும் ஒரு பெரிய பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஊன்றுகோலோடு ஒருநாள் வீட்டுக்கு வந்தார். இவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் தேநீர் கொடுத்துவிட்டு, விட்ட வேலையைத் தொடர்ந்தேன். வெட்டும் மேஜையில் கனமான நீலத் துணி ஒன்று விரித்திருந்தது. கத்தரியை எடுத்ததும் டாக்டர் சிரித்தார்.

"அண்ணன் சொன்னது சரிதான் அண்ணி. வெட்டும்போது மூச்சையே பிடிச்சுக்கிறீங்க. வெட்டி முடிச்சதும் ஊதுறீங்க."

எனக்குக் கை நின்றுவிட்டது. நான் மூச்சைப் பிடிக்கிறேன் என்று எனக்கே தெரியாது. "அவரா சொன்னாரு?"

"இதெல்லாம் எனக்கு மனப்பாடம். குளிர் வந்தா உங்க கட்டைவிரல் வலிக்கும். மகள்கிட்ட போன்ல பேசி முடிச்சதும் அலமாரியை அடுக்குவீங்க. அண்ணன் வாயத் தொறந்தா மூடவே மாட்டாரே, நான் நடுவுல ஒரு வார்த்தை பேசறதுக்குள்ள பாலம் தாண்டிருவோம்." தேநீரை ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார். "ஆமா, அந்த வெளியூர் வேலை என்ன முடிவு பண்ணீங்க? சூப்பர்வைசர் பதவி, சும்மாவா! இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்னாரே?"

என்ன வெளியூர், என்ன பதவி? நான் கத்தரியைக் கீழே வைத்தேன். டாக்டருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். தெரியாமல் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்ட மாதிரி இருந்தார். "இன்னும் யோசிச்சிட்டிருக்கோம்," என்று சமாளித்தேன். அவர் நம்பவில்லை. தேநீர் மிச்சம் இருக்கும்போதே எழுந்துவிட்டார். வாசல்படியில் திரும்பி நின்று, பேச்சை மாற்றுகிறவர்போல ஒன்று சொன்னார்: "அண்ணன் இப்ப தனியா ஓடறாரு, அதான் கவலையா இருக்கு. தனியா ஓடினா வேகம் தன்னால ஏறிடும். பேச முடியற வேகம்தான் எங்களுக்குச் சரியான வேகம். மூச்சு வாங்காம பேச முடிஞ்சா எவ்வளவு தூரம் வேணா போலாம். இந்த வாரம் அவரு கூட யாராச்சும் இருந்தா நல்லது."

அன்று முழுக்க எனக்குப் பொருமல். ஒளித்து வைத்ததைவிட, அதை ஒரு பல் டாக்டரிடம் சொன்னதுதான் தாங்கவில்லை. என் கட்டைவிரலைப் பற்றியெல்லாம் இவர்கள் ஓடுகிற கால்வாய்க்கரையில் கதை நடந்திருக்கிறது, நான் இங்கே ஒரு "ம்"மோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஆனால் உண்மையைச் சொன்னால், கோபத்துக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. மூச்சைப் பிடிப்பதைக்கூட ஒருத்தர் பார்த்து வைத்திருக்கிறாரே. கேட்டுவிடலாமா என்று பலமுறை வாய் வரை வந்தது. கேட்கக் கூடாது என்று முடிவு செய்தேன். கேட்டால் "ம்" என்பார், விஷயம் முடிந்துவிடும். அவராகச் சொல்ல வேண்டும். என்னிடம் சொல்வாரா மாட்டாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த வேலைக்குப் போகிறோமா இல்லையா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மறுநாள் விடிகாலை மகளின் பழைய சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, முன்கூடையில் தண்ணீர் பாட்டிலும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க?"

"உங்க கூடத்தான். டாக்டர் தம்பி சொன்னாரு."

"ம்," என்றார்.

அந்த முதல் நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சங்கிலி கிறீச்சிட்டது, அவர் மூச்சு விட்டார், என் இடுப்பு வலித்தது. கால்வாய்க்கரை, கிடங்குகளின் பின்சுவர், ரயில்வே பாலம், மறுபடி கால்வாய்க்கரை. "இவ்வளவுதானா?" என்று கேட்டேன். "இவ்வளவுதான்," என்றார். ஒரு வார்த்தை கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன். சாயங்காலம் திரும்பவும் போனேன். அடுத்த நாளும் போனேன். தைக்க வேண்டிய துணி மலையாகக் குவிந்தது, பள்ளிக்கூட மேடைக்கான திரை ஒன்றுக்கு அவசரமாக ஆள் அனுப்பினார்கள். தையல் எங்கே போய்விடும், ஒரு வாரம்தானே என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், யாரோ பேசுவது கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். இவர்தான்.

"அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஒரு ஸ்டூல் கிடக்கும். யாரு போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. நான் சர்வீஸ் பண்ணும்போதெல்லாம் வெளிய எடுத்து வைப்பேன். அடுத்த தடவை போனா உள்ளதான் இருக்கும். இப்ப எடுக்கறதில்ல. யாருக்கோ உக்காரணும் போல."

நான் பெடலை மிதிப்பதை மறந்து சாயப் பார்த்தேன். அவர் முன்னால் பார்த்தபடியே ஓடிக்கொண்டிருந்தார். ஸ்டூலில் தொடங்கியது, மோட்டார் சத்தத்தை வைத்தே எந்த மாடியில் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று போய், சின்ன வயதில் மகள் லிஃப்டில் ஏற மாட்டேன் என்று அழுததற்கு வந்தது. எனக்குக்கூட மறந்துபோனது அது. அப்போதுதான் புரிந்தது. இவருக்கு உடம்பு சூடாக வேண்டும். முதல் ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒன்றும் வராது, அதற்குப் பிறகு தானாக வரும். நானானால் இத்தனை வருஷமாகச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்துப் பேச்சு எதிர்பார்த்திருக்கிறேன். ஆறிப்போன எஞ்சினைச் சாவி போட்டுத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எனக்கு விடிவதற்குள் விழிப்பு வர ஆரம்பித்தது. சங்கிலிக்கு எண்ணெய் போட்டேன், பேச்சு நன்றாகக் கேட்க வேண்டுமே. கிடங்குச் சுவரோரம் தினமும் தென்படுகிற எல்லோருக்கும் அவர் பெயர் வைத்திருந்தார். எப்போதும் குரைக்கிற நாய்க்கு மேனேஜர் என்று பெயர். நான் சிரித்துக் கரையை விட்டு இறங்கப் பார்த்தேன். "பாத்து, பாத்து," என்று ஓடியபடியே கூடையைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன். ஆனாலும் ஒவ்வொரு தடவை கேட்டைத் தள்ளி உள்ளே வரும்போதும் ஒன்று உறுத்தியது. நாயிடம் போனார், ஸ்டூலிடம் போனார், அந்த வெளியூரிடம் மட்டும் போகவே இல்லை. மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறு சாயங்காலம். மிச்சத்தைக் கடிகாரத்தில் வைத்தார், கிளம்பினோம். கால்வாய்க்கரை வரை பேச்சில்லை. கிடங்குகள் தாண்டியும் பேச்சில்லை. பாலத்தில் ரயில் ஒன்று போனது, அது போய் முடியக் காத்திருந்தவர்போலத் தொண்டையைச் செருமினார். செருமினாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் நான் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். எங்கள் தெருமுனை தெரிந்தது. போச்சு, இந்த வாரமும் ஆயிற்று, டாக்டருக்குக் கால் சரியானதும் அவரிடமே சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டேன். தெருவுக்குள் திரும்பினோம்.

"கம்பெனில ஒரு வேலை வந்திருக்கு," என்றார். "வெளியூர். சூப்பர்வைசரா."

பெடலை மட்டும் மிதித்தேன்.

"ரொம்ப நாளாச்சு. போறேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

நாலைந்து அடி ஓடினார். "கேட்டா நீ உடனே சரின்னுடுவ. தையலை விட்டுட்டு, மெஷினைப் பொட்டலம் கட்டிட்டு, மூச்சைப் பிடிச்சிட்டே வந்துருவ. அதான் பயம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைப்பிடியை விட முடியாததால் துடைக்கவும் வழியில்லை. அவர் சொன்னது சரி. அப்படியேதான் செய்திருப்பேன். இத்தனை நாள் பொருமிக்கொண்டிருந்தது எதுவோ, அது எங்கே போனதென்று தெரியவில்லை.

அப்போது கடிகாரம் கூவியது. எனக்கு நன்றாகக் கேட்டது. எதிர்வீட்டு அம்மாவுக்குக்கூடக் கேட்டிருக்கும், செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். இவருக்குக் கேட்கவில்லை.

"இப்பவே சொல்ல வேணாம். மெதுவா சொல்லு," என்றபடி ஓடிக்கொண்டே இருந்தார். எங்கள் கேட் வந்தது, பின்னால் போனது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றேன். "எந்த ஊரு, என்ன வேலை, எல்லாம். எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

அவர் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். தெருவின் அந்த முனையில் திரும்பி மறுபடியும் கால்வாய்க்கரைப் பக்கம் போனோம். முன்னும் பின்னும் வீசிய அவர் கையில் கடிகாரம் மினுக்கிக்கொண்டே இருந்தது.