தோல் முறுகும்வரை

"மேல கல்ல வச்சீங்களா?" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

தினகரன் வைத்துக்கொண்டுதான் இருந்தார். கனத்த இரும்புச் சட்டியில் நான்கு கோழித் தொடைகள் தோல் பக்கம் கீழாகக் கிடந்தன. அவற்றின் மேல் சின்ன தோசைக்கல்லைக் கவிழ்த்து, அதற்கும் மேல் பூண்டு நசுக்கும் கல்லுரலைத் தூக்கி வைத்தார்.

"வச்சிட்டேன்."

"கோணலா வச்சிருக்கீங்க. ஒரு பக்கந்தான் சத்தம் கேக்குது."

நேராக நகர்த்தினார். அசடு வழிந்தது. பார்க்காமலே எப்படித்தான் கண்டுபிடிக்கிறாளோ மகராசி.

கேன்சர் மருந்து மனைவி கோகிலவாணியின் நாக்கைத் தின்றுவிட்டது, மூக்கையும் தின்றுவிட்டது. பக்கத்தில் மல்லிகையை வைத்தாலும் தெரியாது, பினாயிலை வைத்தாலும் தெரியாது. காது மட்டும் மிச்சம். பதினோரு மாதம் ஆஸ்பத்திரிக்கும் மாடம்பாக்கத்து இரண்டாம் மாடிக்குமாக அலைந்த பிறகு, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலை ஹாலில் போடச் சொன்னவள் கோகிலவாணிதான். அங்கிருந்தால் சமையலறைச் சத்தம் நன்றாகக் கேட்கும்.

சாகப்போகிறோமே என்று அவள் அழுது அவர் பார்த்ததில்லை. அவளுக்கு இருந்த கவலை வேறு. மகள் ஓவியா சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அங்கேயே அறையெடுத்துத் தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் வீட்டுக்கு வருவாள். வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சட்டியை எட்டிப் பார்ப்பாள்.

"எனக்கப்புறம் அவ வந்தா ஃபோன்ல ஆர்டர் போடுவீங்க. டப்பாவப் பிரிச்சு வச்சிக்கிட்டு அப்பாவும் பொண்ணும் ஆளுக்கொரு மூலைல உக்காந்து தின்னுவீங்க. கொஞ்ச நாள்ல அவ வர்றதையே நிறுத்திடுவா. இந்த ஒண்ணையாவது கத்துக்குங்க."

படப்பை பக்கத்துத் தொழிற்சாலையில் நாற்பது பேரை மேய்த்த சூப்பர்வைசர் தினகரன். முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவள் பேச்சை அவர் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. நெஞ்சு எரியுது என்று அவள் சொன்னபோதெல்லாம் "ஜெலுசில் குடி" என்று சொன்னவர். அப்படியே ஒரு வருஷம் போனது. அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் அவருக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்.

இது மூன்றாவது ஞாயிறு. முதல் வாரம் எண்ணெயை ஊற்றிக் கெடுத்தார். போன வாரம் அவசரப்பட்டு, அவள் சொல்வதற்கு முன்னால் இடுக்கியைப் போட்டுத் திருப்பினார். தோலெல்லாம் சட்டியோடு ஒட்டிக்கொண்டு, கறி மட்டும் அம்மணமாகக் கையில் வந்தது. கோகிலவாணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சாயங்காலம்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவளிடம் மிச்சமிருந்த சாயங்காலங்கள் எத்தனை? அதில் ஒன்றை இப்படித் தொலைத்தோமே என்று அவர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

இன்றைக்கு எப்படியாவது வாங்கிவிட வேண்டும், அவள் வாயால் ஒரு 'சரி'. அது போதும்.

காலையில் ஜலால் பாய் கடையில் முதல் ஆளாகப் போய் நின்றார்.

"தோலோடயா? இன்னா சார், அல்லாரும் உரிச்சிக் குடுன்னுதான் கேக்கறாங்க." பாய் தொடையைக் கிழியாமல் எடுத்துக் காகிதத்தில் வைத்தார். "அக்கா எப்டி கீறாங்க? நான் கேட்டேன்னு சொல்லு சார்."

சொல்ல மறந்துவிட்டார். சாப்பிடும்போது சொல்லலாம்.

துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, உப்பும் மிளகும் தடவி, ஆறின சட்டியில் வைத்து, பிறகுதான் அடுப்பைப் பற்ற வைத்தார். சின்னத் தீ. தோலில் இருக்கிற கொழுப்பே உருகி வரும் என்று அவள் சொல்லியிருந்தாள். முதலில் தண்ணீர் போகும் சத்தம் சளசளவென்று கேட்கும். அப்புறம் அது சன்னமாகும். அப்போதுதான் தோல் முறுகி, தானாகச் சட்டியை விடும்.

கல்லை நேராக்கியதும் சட்டி முழுக்கச் சளசளக்க ஆரம்பித்தது.

"திருப்பட்டா?"

"ம்ஹூம்."

கொஞ்ச நேரம் நின்றார். ஓவியா கிளம்பியிருப்பாள். மேடவாக்கம் நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் ஒரு மணிக்குள் வந்துவிடுவாள்.

"இப்போ?"

"ஏங்க, நான் சொல்றவரைக்கும் கைய வைக்காதீங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நான் கேட்டுட்டுதான் இருக்கேன்."

அவர் இடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றார். சத்தம் குறைந்தது. முதலில் நம்பவில்லை, குனிந்து கேட்டார். சளசளப்பு அடங்கி, மெல்லிசாக, மழை விட்ட பிறகு சன்ஷேடிலிருந்து சொட்டுவதுபோல ஒரு சத்தம். அவருக்கே தெரிந்துவிட்டது. அறுபது வயதில் பள்ளிக்கூடப் பையன்போலத் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

"கோகிலா, சத்தம் மாறிடுச்சில்ல?"

பதில் இல்லை.

பதில் இல்லையென்றால் இன்னும் நேரமாகவில்லை. போன வாரம் இங்கேதான் தப்புப் பண்ணினார். இந்த வாரம் பண்ண மாட்டார். நின்றார்.

"திருப்பட்டாம்மா?"

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கீழே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தமும் கேட்டது. சட்டியின் ஓரத்தில் நெய்போலப் பொன்னிறமாக இருந்த கொழுப்பு பழுப்பானது. அவளுக்கு மூக்குத் தெரியாது, காதால்தான் பார்க்கிறாள், சத்தம் சரியாக வந்ததும் சொல்லுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாசனை மாறியது. மாறியது அவருக்குத் தெரிந்தது. ஹாலுக்கு எட்டு அடிதான். அந்த எட்டு அடியை எடுத்துவைக்க அவருக்குப் பயமாக இருந்தது. உயிர் போகிற பயம். இங்கேயே நின்றால் அவள் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான். போய்ப் பார்த்துவிட்டால்?

புகை கிளம்பியது. கண் எரிந்தது. இடுக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, என்ன கருகுது?" எதிர் ஃபிளாட் மெட்டில்டா. மாதா கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். சும்மா சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் சத்தம் கேட்டது. பிறகு ஹாலில் அவள் நடை நின்றது. "அக்கா," என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, "அக்கா."

அதற்கப்புறம் சமையலறைக்கு வந்து, அவர் பக்கமாகக் கை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

"அண்ணா, வாங்க."

"அவ இன்னும் சொல்லலம்மா," என்றார் தினகரன்.

மெட்டில்டா அவர் கையை விரல் விரலாகப் பிரித்து இடுக்கியை வாங்கி மேடைமேல் வைத்தாள்.

ஓவியா வரும்போது செருப்பைக் கழற்றவில்லை. படப்பையிலிருந்து பெரியம்மா கிளியம்மாள், தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தாள். மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, எழவு வூட்ல கறி நாத்தம் அடிக்குது? நாலு சனம் வர்ற எடம். ஜன்னலத் தொற, ஊதுவத்தியக் கொளுத்து. ஆக்கி வச்சது எதுவா இருந்தாலும் கொண்டுபோய்க் கொட்டு."

ஓவியா சமையலறைக்குப் போனாள். வாசலில் ஸ்டூல் போட்டு தினகரன் உட்கார்ந்திருந்தார். அவள் கல்லுரலை இறக்கினாள், தோசைக்கல்லை எடுத்தாள். தொடைகள் மேலே வெளுத்துப் பச்சையாகவே இருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. கரண்டிக் காம்பால் நெம்பியபோது அடிப்பக்கம் முழுக்கக் கரியாக வந்தது.

"எவ்ளோ நேரம்பா நின்னீங்க?"

"தெரியல."

"கூப்ட்டுப் பாத்தீங்களா?"

"திருப்பட்டான்னு கேட்டேன்."

"நான் அதக் கேக்கலப்பா." அவள் குரல் உடைந்தது. "புகை வருதுல்ல? எட்டு அடி வந்து பாத்திருக்கலாம்ல? அவங்க தனியா..."

முடிக்கவில்லை. முடிக்காமலே அவருக்கு விளங்கியது. கூப்பிட நினைத்து அவளுக்குக் குரல் வராமல் போயிருந்தால்? தண்ணீர் கேட்கக் கையைத் தூக்கியிருந்தால்? எத்தனையாவது நிமிஷம்வரை இருந்தாள்? இனி யாரைக் கேட்பது? வாழ்நாளில் ஒரே ஒருதரம் அவள் சொன்னதைக் கேட்டார், அதுவும் இதற்கு.

"கைய வைக்காதீங்கன்னாம்மா," என்றார். "கேட்டுட்டுதான் இருக்கேன்னா."

ஓவியா அப்பாவைப் பார்த்தாள். திட்டிவிடுவாள் என்று அவர் நினைத்தார், திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கிப் போனாள். கனம் தாங்காமல் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்குவது கேட்டது.

நாலரைக்கு வண்டி வந்தது. கோகிலவாணிக்கு மஞ்சள் பூசி, கோடி உடுத்தி, தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள். முடி உதிர்ந்த தலையில் பூ நிற்காமல் கிளியம்மாள் நூலால் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"சுமங்கலியா போறவ. புருசன் கையால குங்குமம் வச்சு அனுப்பணும். வாங்க தம்பி."

தினகரன் வந்து குனிந்தார். குங்குமச் சிமிழை நீட்டினார்கள், விரலால் தொட்டு எடுத்தார். அவள் நெற்றிக்கு ஒரு சாண் மேலே வந்ததும் கை நின்றது.

"வைங்க தம்பி, நேரமாவுது."

அவர் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, காதை அவள் வாய்க்கு நேராகக் கொண்டுபோனார். ஹாலில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"வைங்கப்பா," என்றாள் ஓவியா மெதுவாக.

கீழே வண்டிக்காரர் ஒருதரம் ஹாரன் அடித்தார். விரல் நுனியிலிருந்து குங்குமம் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்புடவையில் உதிர்ந்தது. தினகரன் கையை வைக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.